வாய்ச்சொல்லில் நிற்கும் வாடகை: பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் எனப் பழவேற்காடு ஏரியையும் கடலையும் நம்பியிருக்கும் ஊர்களின் நிர்வாகத்தாருக்கும், அங்கே வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும், அங்கிருந்து பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கம் வாடகைக்குக் குடிபோனவர்களுக்கும் எழுதுகிறேன்.

முகத்துவாரம் தூர்ந்துபோவதைப் பற்றியோ காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பற்றியோ உங்களுக்குச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. அவற்றுக்காக மனு எழுதியும் கூட்டம் கூட்டியும் பழகியவர்கள் நீங்கள். இந்த மடல் வீட்டு வாடகையைப் பற்றியது. வாடகை என்பது வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் நேருக்கு நேர் பேசி முடிக்கும் சங்கதி, இதில் அரசாங்கம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். அந்த நினைப்பினால் நட்டப்படுபவர்கள் நீங்கள்தான் என்று காட்டுவதற்காகவே எழுதுகிறேன். நகர எல்லைக்குள் வாடகைக்கு இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒப்பந்தத்தை எழுதி, அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் ஏற்றி, பதிவு எண் வாங்கிவிட வேண்டும். வாடகைச் சட்டம் எட்டாத ஏரிக்கரை ஊர்களில், அதற்கு ஈடான ஒரு பதிவேட்டை ஊரே வைத்துக்கொள்ள வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். இதற்கு மறுப்பாக நீங்கள் சொல்லக்கூடியவை பல உண்டு, அவற்றில் சில நியாயமானவையும்கூட.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அறுபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக நடைமுறையில் இருந்தது. அதை நீக்கிவிட்டு, வீட்டுக்காரர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாமல் யாரும் வாடகைக்கு விடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. எழுதிய ஒப்பந்தத்தைத் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்காகத்தான் 'டெனன்சி' என்ற பெயரில் அரசு இணையதளம் திறந்தது. பதினொரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு வேண்டாமே என்று தரகர்கள் சொல்வது சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்குப் பொருந்தும் பழைய பேச்சு. இந்தச் சட்டத்தில் பதினொரு மாதத்துக்கென்று தனிச் சலுகை கிடையாது. பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்பதையும் சட்டம் தடுக்கிறது. ஆக, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஜெராக்ஸ் கடைக்காரர் அடித்துக்கொடுத்த தாளைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பது மட்டும் போதாது.

இதில் பலர் கவனிக்காமல் விட்ட இடம் ஒன்று உண்டு. பழைய வாய்மொழி வாடகையை எழுத்துக்குக் கொண்டுவர இருவரும் தவறியிருந்தால், வீட்டைக் காலிசெய்யச் சொல்வதற்கு அதுவே ஒரு காரணம் என்று 21-ஆவது பிரிவு சொல்கிறது. வாடகையை மாதம் தவறாமல் கொடுத்திருக்கலாம், சுவரில் ஆணிகூட அடிக்காமல் வீட்டைக் காத்திருக்கலாம். தாள் இல்லை என்றால் வாதம் அங்கேயே பலவீனமாகிவிடுகிறது. எழுத மறுத்தவர் வீட்டுக்காரர்தான் என்று சொல்லலாமே என்றால், அதை நிரூபிக்கவும் ஒரு தாள்தான் வேண்டும். ஒப்பந்தம் போட்டுத் தாருங்கள் என்று பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்தின் நகலாவது கையில் இருக்க வேண்டும். குடியிருப்பவரைக் காப்பாற்ற வந்த சட்டம் என்று பலரும் நம்பும் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு இருப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உடன்பாடில்லை என்பதால் பிரிவு செயல்படாமல் இருக்காது.

அட்வான்ஸ் விஷயத்தில் தாள் இல்லாததன் நட்டம் பணமாகவே தெரியும். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது வழக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 2017 சட்டம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்ணூரில் மாதம் 6,000 ரூபாய்க்கு ஒரு வீடு என்றால், பத்து மாத அட்வான்ஸ் 60,000. சட்டம் சொல்லும் மூன்று மாதம் 18,000. இடையில் நிற்பது 42,000 ரூபாய். இந்தப் பணம் சேமிப்பிலிருந்து வராது. மீன் வியாபாரியிடமோ வட்டிக்காரரிடமோதான் வாங்க வேண்டியிருக்கும். இரண்டு வட்டி என்றே வைத்தாலும் மாதம் 840 ரூபாய், பதினொரு மாதத்துக்கு 9,240 ரூபாய். ஒன்றரை மாத வாடகை வட்டியாகவே போய்விடுகிறது. இன்னொன்று, வீட்டைக் காலிசெய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். சுண்ணாம்பு அடிக்க இவ்வளவு, குழாய் மாற்ற இவ்வளவு என்று பிடித்தது போக மீதியை இழுத்தடிக்கும் வீட்டுக்காரரிடம், எவ்வளவு கொடுத்தோம் என்பதற்கே சான்று இல்லாதவர் எதைக் காட்டிக் கேட்பார்?

"எங்களுக்கு எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது, எழுத்து எதற்கு?" என்பதுதான் உங்களிடமிருந்து வரக்கூடிய முதல் மறுப்பு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. நாட்டில் நூற்றுக்கணக்கான ஏரிகளில் மீன்பிடி உரிமை ஏலத்துக்கும் கைகலப்புக்கும் போய்க்கொண்டிருக்கும்போது, பாடு முறையை வைத்து ஏரியைப் பங்கிட்டு வாழ்ந்தவர்கள் நீங்கள். எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்து, நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லாருக்கும் சுற்றி வரும்படி முறை வைத்ததை வெளிநாட்டு ஆய்வாளர்களும் வந்து படித்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த முறை எதனால் நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வெறும் நம்பிக்கையால் அல்ல. ஊரில் உரிமையுள்ள குடும்பங்கள், அதாவது தலைக்கட்டுகள், யார் யார் என்ற பட்டியல் இருக்கிறது. சீட்டு எல்லார் முன்னிலையிலும் எடுக்கப்படுகிறது. மீறினால் தண்டம் போட ஊருக்கு அதிகாரம் இருக்கிறது, தண்டத்துக்குக் கட்டுப்படாமல் அந்த ஊரில் ஒருவர் காலம் தள்ள முடியாது. பெயர்ப் பட்டியல், சாட்சி, கட்டுப்படுத்தும் அதிகாரம் மூன்றும் ஒரே ஊருக்குள் இருப்பதால்தான் அங்கே வாய்ச்சொல் செல்கிறது.

திருவொற்றியூரில் இருக்கும் வீட்டுக்காரர் உங்கள் தலைக்கட்டுப் பட்டியலில் இல்லை. உங்கள் ஊர் போடும் தண்டம் அவரை எட்டாது. அவரைக் கட்டக்கூடிய பட்டியலும் சாட்சியும் அதிகாரமும் வாடகை அதிகாரி அலுவலகத்தில்தான் இருக்கின்றன. ஊருக்குள் பாடு எதைச் செய்கிறதோ அதை ஊருக்கு வெளியே செய்ய இப்போதைக்கு இந்தப் பதிவு ஒன்றுதான் உண்டு. எழுத்து என்பது நம் வழக்கத்துக்கு அந்நியம் என்ற பேச்சும் சரியல்ல. 1610-இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கால் வைத்தபோது விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் வைத்தார்கள், மூன்று ஆண்டுகளில் கெல்டிரியா கோட்டையும் எழும்பியது. வெளியூரில் இடம் பிடிக்கிறவன் முதலில் தாள் வாங்குவான் என்பது உங்கள் மண்ணிலேயே நடந்த பாடம், கொஞ்சம் கசப்பான பாடம்தான்.

வழக்கத்தை அரசின் எழுத்துக்குள் கொண்டுபோனால் வழக்கமே செத்துவிடும் என்ற பயமும் இருக்கிறது. இதற்குப் பக்கத்து நாட்டில் ஒரு சான்று உண்டு. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இறாலுக்கு வலை கட்டும் உரிமையைச் சீட்டுப் போட்டுப் பங்கிடும் முறை பழங்காலத்திலிருந்து உண்டு. 'கட்டுதெல்' என்று அழைக்கப்படும் அந்த வலைத் தொழிலுக்கு 1958-இல் அரசு தனி ஒழுங்குவிதிகளே எழுதியது. யார் உறுப்பினர், எந்தச் சங்கம், சீட்டு எப்படி என்பது அரசிதழுக்குள் போயிற்று. சீட்டு நின்றுவிடவில்லை. வெளியார் வந்து வலை கட்டினால் தடுக்கச் சங்கத்துக்கு ஒரு பிடி கிடைத்தது. உங்கள் பாடு முறைக்கு அப்படி ஓர் ஏற்பு இன்றுவரை இல்லை. ஸ்ரீஹரிக்கோட்டா தீவு 1969-இல் ஏவுதளத்துக்குத் தேர்வானபோது அங்கே காலங்காலமாக வாழ்ந்தவர்கள் வெளியேற வேண்டியிருந்ததை ஏரியின் இக்கரையில் இருப்பவர்களுக்கு நான் நினைவுபடுத்தத் தேவையில்லை. வழக்க உரிமைக்கு ஊருக்குள் எவ்வளவு மதிப்போ, அரசாங்கத்தின் கோப்பு முன்னால் அவ்வளவு குறைவு.

பாடு முறையை இவ்வளவு புகழ்ந்த பிறகு அதன் குறையையும் சொல்லாமல் விடக்கூடாது. பட்டியல் என்றாலே உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர் என்று இரண்டு வரும். பாடு முறையில் பெண்களுக்கு இடமில்லை. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் இடமில்லை. ஊர்க் கூட்டத்தில் பேசி முடிவெடுப்பது ஆண்கள்தான். வாடகை வீடு என்று வரும்போது இந்தக் குறை நேராகத் தைக்கும். வீட்டுக்காரியிடம் மாதாமாதம் பணத்தை எண்ணிக் கொடுப்பது பெரும்பாலும் பெண்கள், தண்ணீர் மோட்டாருக்காக வாய்ச்சண்டை போடுவதும் பெண்கள், சிக்கல் வந்தால் ஊர்க் கூட்டத்தில் வெளியே நிற்பதும் அவர்களே. எழுத்து ஒப்பந்தத்தில் மனைவியின் பெயரும் கையெழுத்தும் இருந்தால், கணவன் கடலிலோ வேறு துறைமுகத்திலோ இருக்கும் நாளில் அதிகாரி முன்னால் அவள் வாடகைதாரராகவே போய் நிற்கலாம். சுனாமிக்குப் பிறகு 2005-இல் அரசு புது வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கொடுக்க முடிவெடுத்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட சுனாமி வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் ஒதுக்கீட்டு உத்தரவின் நிபந்தனைகளைப் படித்துவிட்டு, அனுமதி இருந்தால், இருவரும் கையெழுத்துப் போட்டு விட வேண்டும்.

இனி வீட்டை வாடகைக்கு விடும் பக்கத்தின் பயம். "எழுதிக் கொடுத்துவிட்டால் குடியிருப்பவன் வீடு தனக்கே என்பான்." இது 1960 சட்டம் விதைத்த பயம். அந்தச் சட்டத்தின் கீழ் நியாய வாடகை வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்ததும், சொற்ப வாடகைக்குத் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களைக் கிளப்ப முடியாமல் போனதும் உண்மை. இப்போது வாடகைத் தொகை ஒப்பந்தத்தில் எழுதியதுதான், அதை வெளியிலிருந்து குறைக்க யாரும் வரமாட்டார்கள். (குடியிருப்பவர் பக்கம் நின்று பார்த்தால் இது இழப்பு. புதுச் சட்டம் எல்லாருக்கும் சமமாக நன்மை செய்கிறது என்று சொல்ல நான் தயாரில்லை.) வீட்டின் மேல் உரிமை கோருவார்களே என்பதற்குப் பதில் இதைவிடப் பழைய சட்டத்திலேயே இருக்கிறது. வாடகைக்கு வந்தவர், அந்த வாடகை நீடிக்கும்வரை வீட்டுக்காரரின் உரிமையை மறுக்க முடியாது என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 116-ஆவது பிரிவு. அதற்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே விதி தொடர்கிறது. அப்படியானால், 'இவர் என் வாடகைதாரர்' என்று காட்டும் தாள்தான் வீட்டுக்காரருக்கு அரண். தாள் இல்லாமல் பல ஆண்டு குடியிருந்தவருக்குத்தான், நான் வாடகைக்கு வரவே இல்லை என்று வாதாட இடம் கிடைக்கும்.

பட்டா இல்லாத வீடுகளின் கதை கொஞ்சம் சிக்கலானது. குப்பங்களில் பல தலைமுறையாக ஊர் நத்தத்திலும் புறம்போக்கிலும் இருக்கும் வீடுகளுக்குத் தனிப்பட்டா இல்லாமல் இருப்பது உங்களுக்குத் தெரியும். வாடகை ஒப்பந்தம் ஒருபோதும் பட்டா ஆகாது, அதைப் பதிந்தால் நிலம் சொந்தமாகிவிடும் என்று எந்தத் தரகராவது சொன்னால் நம்பவேண்டாம். வாடகைத் தாள் காட்டுவது இந்த வீட்டை இவர் அனுபவிக்கிறார், இன்னார் அவரிடம் வாடகைக்கு இருக்கிறார் என்பதை மட்டும்தான். ஊராட்சி வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை இவற்றோடு அதுவும் ஒரு தாளாகச் சேரும். வீட்டு வரியை இப்போது ஊராட்சிகளுக்கும் இணையத்திலேயே கட்ட முடிகிறது. பெயர் பிழையாக இருந்தால் முதலில் அங்கே திருத்திக்கொள்வது நல்லது.

போலீஸ், வருமான வரி, ரேஷன் கார்டு ஆகிய மூன்று பயங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012-இல் வாடகை வீட்டில் இருந்தவர்கள் கொல்லப்பட்ட வேளச்சேரி என்கவுன்ட்டருக்குப் பிறகு வாடகைக்கு இருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கும்படி சென்னை மாநகரக் காவல்துறை உத்தரவிட்டது. வாடகைப் பதிவு என்றதும் பலருக்கு அந்த நினைவுதான் வருகிறது. அது வேறு, இது வருவாய்த்துறை அதிகாரியிடம் போவது. வருமான வரிக்கும் பதிவுக்கும் முடிச்சுப் போடத் தேவையில்லை. வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் உள்ளவர் பதிந்தாலும் பதியாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். குப்பத்தில் ஒரு வீட்டை மாதம் சில ஆயிரத்துக்கு விட்டிருப்பவர் அந்த வரம்பின் பக்கமே வரமாட்டார். ரேஷன் கார்டுதான் உண்மையான கவலை. மீன்பிடித் தடைக்கால நிவாரணமும் ஊரில் தலைக்கட்டு உரிமையும் போய்விடுமோ என்று பயந்து, கார்டை ஊரிலேயே வைத்துக்கொண்டு நகரத்தில் சத்தமில்லாமல் வாடகைக்கு இருப்பவர்கள் உண்டு. வாடகையைப் பதிந்தால் கார்டை மாற்றியே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் இருப்பிடச் சான்று இல்லாததன் விலையை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் காட்டியது. 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாக வந்தபோது, வெள்ளத்தில் நின்ற வீட்டு முகவரியில் கார்டு இல்லாதவர்கள் தனியாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டி வந்தது. அந்த வீட்டில்தான் இருந்தோம் என்று சொல்ல, பதிவு எண் போட்ட ஒப்பந்தத்தைவிட நேரான தாள் என்ன இருக்கிறது?

இணையதளத்தைப் பற்றி எனக்கும் குறைகள் உண்டு. ஓ.டி.பி. எண் வரும் போன் வேண்டும், ஆவணங்களை ஸ்கேன் செய்ய வேண்டும், படிவத்தில் வரும் சட்டச் சொற்கள் தமிழில் இருந்தாலும் புரியாது. இ-சேவை மையத்தில் உட்கார்ந்து செய்துகொள்ளலாம், ஆனால் திரையில் என்ன தட்டச்சாகிறது என்று பார்த்துச் சொல்ல வீட்டில் படித்த பிள்ளை ஒன்று கூடப் போவது நல்லது. வாடகை 6,000 என்று பேசியது 60,000 என்று ஏறிவிட்டால் திருத்த அலைய வேண்டும். இதைவிடப் பெரிய குறை, பதியும் பொறுப்பைச் சட்டம் இருவர் தலையிலும் சமமாக வைத்திருப்பது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2016 முதல், பதிவு செய்யாமல் வீட்டை வாடகைக்கு விடுவது வீட்டுக்காரரின் குற்றம். வீடு யாரிடம் இருக்கிறதோ பொறுப்பும் அவரிடமே இருப்பதுதான் முறை. இங்கே வீட்டுக்காரர் "பதிவு கிதிவு எல்லாம் வேண்டாம், இஷ்டமிருந்தால் வா" என்றால் வருகிறவருக்கு வேறு வீடு தேடுவதைத் தவிர வழியில்லை. அதுவும் மீனவர் என்றதும் மீன் நாற்றம், சத்தம், ஆள்வரத்து என்று காரணம் சொல்லிக் கதவைச் சாத்துகிற தெருக்களில், கிடைத்த வீட்டில் நிபந்தனை பேசுவது எளிதல்ல. சாத்திய கதவைத் திறக்க எந்த இணையதளத்தாலும் முடியாது. ஆனால் உள்ளே போன பிறகு இருவரும் சேர்ந்து பதிய முடியாமல் போனால், ஒருவர் தனியாகவும் விவரத்தை அதிகாரிக்குத் தெரிவிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. வாடகைக்கு ரசீது கேட்பது உரிமை. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் கிளப்பப் பார்த்தால் வாடகை அதிகாரியிடம் போகலாம்.

மின்சாரம் என்றதும் ஒரு சிறு விஷயம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் என்று அரசு கொடுக்கிறது. அதையும் சேர்த்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று தனிக்கணக்கு வைத்து வாங்கும் வீட்டுக்காரர்கள் ஏராளம். குடிபோகும் நாளின் மீட்டர் ரீடிங், யூனிட்டுக்கு என்ன கணக்கு, மோட்டார் கரண்ட் யார் தலையில், தண்ணீர் லாரி வந்தால் யார் பங்கு எவ்வளவு ஆகிய நான்கையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாடகைச் சண்டைகள் பெரிய சட்டப் பிரச்சினையில் தொடங்குவதில்லை, இந்த நான்கில்தான் தொடங்குகின்றன. அதேபோல், மாத வாடகை வேண்டாம், மூன்று லட்சமோ நான்கு லட்சமோ கொடுத்துவிட்டு மூன்று வருஷம் இரு என்று 'லீஸ்' பேசுகிறவர்களிடம் இரட்டிப்புக் கவனம் தேவை. சொந்தக்காரரிடம் வாடகைக்கு எடுத்த வீட்டை இன்னொருவருக்கு லீஸுக்கு விட்டுப் பணத்தோடு காணாமல்போகும் இடைத்தரகர் மோசடி சென்னைக்குப் புதிதல்ல. பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். கையெழுத்துப் போடுகிறவர்தான் உண்மையான சொந்தக்காரரா என்பதை அங்கே ஒத்துப் பார்க்காமல் லட்சத்தை எண்ணக் கூடாது. அந்த 'லீஸ்' போக்கியம் என்றால் அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டிய பத்திரம், வாடகைப் பதிவோடு முடிவதல்ல.

நான் சொல்லும் வாதத்தின் பலவீனமான இடத்துக்கு இப்போது வருகிறேன். 2017 சட்டம் நகர்ப்பகுதிகளுக்கானது. சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்ட எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும், 2021-இல் நகராட்சியான பொன்னேரிக்கும், மீஞ்சூருக்கும் பொருந்துகிறது. கிராம ஊராட்சிகளாக இருக்கும் உங்கள் குப்பங்களுக்குப் பொருந்தாது. "எங்களுக்கு இல்லாத சட்டத்தை எங்களிடம் ஏன் சொல்கிறாய்?" என்று நிர்வாகத்தார் கேட்டால் நியாயம்தான். என் பதில், சட்டம் வருவதற்குள் பழக்கம் வந்துவிட வேண்டும் என்பது. கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 2011-இல் மாநகராட்சிக்குள் போனதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள் நீங்கள். தொழிற்சாலையும் துறைமுகமும் வடக்கே நகரும் வேகத்துக்கு நகர எல்லையும் நகராமல் இருக்காது. அன்றைக்குத் தாளோடு இருக்கும் வாடகைக்கும் தாள் இல்லாத வாடகைக்கும் சட்டத்தின் முன் என்ன வித்தியாசம் என்பதை மேலே பார்த்தோம். ஆகவே இன்றே ஊரில் ஒரு நோட்டுப் போடுங்கள். ஆசிரியரோ செவிலியரோ வெளியூர் வியாபாரியோ, யார் குடிவந்தாலும் வீட்டு வரி ரசீது எண், இருவர் பெயர், வாடகை, அட்வான்ஸ், குடிவந்த தேதி, மீட்டர் ரீடிங், வீட்டுக்காரர் கணவன், மனைவி இருவர் கையெழுத்து, குடிவந்தவர் கையெழுத்து, ஊர் சார்பில் ஒரு சாட்சி. பாடு முறைப் பட்டியலை வைத்திருக்கத் தெரிந்த ஊருக்கு இது பெரிய வேலை அல்ல. பூநாரை பார்க்க வரும் பயணிகளுக்கு இரண்டு நாள் அறை விடுவது இதில் சேராது. அது சுற்றுலாத் துறையின் தனிக்கணக்கு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் அதில் உண்டு.

இந்த நோட்டு நீதிமன்றத்தில் சட்டப்பதிவுக்குச் சமமாகாது. வாடகைதாரரை மிரட்ட ஊர் நிர்வாகம் இதைப் பயன்படுத்தக்கூடும் என்ற ஆபத்தும் இருக்கிறது. வேற்றுச் சாதிக்காரர், வேற்று மதத்தவர் குடிவருவதைத் தடுக்க இந்த நோட்டையே ஒரு சாக்காக்கினால் நான் எழுதியதெல்லாம் கெடுதலாகிவிடும். அதனால் நோட்டில் எழுதுவது அனுமதி அல்ல, அறிவிப்பு மட்டும்தான் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். நோட்டை ஊர்க் கூட்டத்தில் வைக்காமல் கிராம சபையில் வைப்பது இன்னும் நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்தச் சபையில் வாக்காளர் பட்டியலில் உள்ள பெண்ணும் ஆணும், தலைக்கட்டுக்காரரும் அல்லாதவரும் ஒரே மாதிரி கை தூக்கலாம்.

அடுத்து வரும் கிராம சபையில் ஒரு தீர்மானமும் போடச் சொல்லிக் கேட்கிறேன். வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பைக் கடலோரக் கிராம ஊராட்சிகளுக்கும் அரசு நீட்டிக்க வேண்டும், பதியும் பொறுப்பை வீட்டுக்காரர் மேல் வைக்க வேண்டும், எழுத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஏற்கெனவே குடியிருப்பவரைக் காலிசெய்யச் சொல்லும் பிரிவைக் கடலோர ஊர்களுக்குக் கொண்டுவரக் கூடாது, பட்டா இல்லாத வீட்டை வீட்டு வரி ரசீதின் பேரில் பதிய அனுமதிக்க வேண்டும். தீர்மான நகல் ஒன்று திருவள்ளூர் மாவட்ட ஆட்சியருக்கும், இன்னொன்று பொன்னேரி வருவாய்க் கோட்டாட்சியருக்கும் போகட்டும். பெற்றுக்கொண்டதற்கு அலுவலக முத்திரையோடு கையெழுத்து வாங்க மறந்துவிடாதீர்கள்.